பன்னிரண்டு வயதுக் கோப்பை

பனிச்சறுக்குப் பந்தயத்தை நான் கவனிக்கத் தொடங்கியது உச்சியிலிருந்து. முதலில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் குளிர்கால ஒலிம்பிக். பிறகு ஒவ்வொரு பருவமும் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நீளும் உலகக் கோப்பைப் போட்டிகள். கடைசியாகத்தான் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கத்துச் சிறு மலைகளில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் சிறுவர் பந்தயங்கள். பெரியவர்களின் பட்டியலை முதலில் படித்துவிட்டுச் சிறுவர்களின் பட்டியலுக்கு வருகிறவருக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது: இங்கே 12 வயதில் முதலிடத்தில் நிற்கும் பெயர்களுக்கும், அங்கே 25 வயதில் மேடையேறும் பெயர்களுக்கும் ஏன் இவ்வளவு குறைவான தொடர்பு? பல குளிர்காலங்கள் இந்த இரண்டு பட்டியல்களையும் பார்த்துவந்ததில் எனக்குள் உறுதிப்பட்ட கருத்து ஒன்றுண்டு. வட்டாரப் பந்தயம் நாளைய வெற்றியாளரைக் கண்டுபிடிக்கும் கருவியாக இருக்கக் கூடாது. முடிந்தவரை அதிகப் பிள்ளைகளை, முடிந்தவரை அதிக ஆண்டுகள், ஆசை குறையாமல் மலையில் வைத்திருக்கும் ஏற்பாடாகவே இருக்க வேண்டும். முதல் வேலையை அதனிடம் ஒப்படைத்தால் அதையும் சரியாகச் செய்யாது, இரண்டாவதையும் கெடுத்துவிடும்.

சிறுவர் பந்தயத்தின் முடிவுப் பட்டியல் உண்மையில் எதை அளக்கிறது என்று பார்ப்போம். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான ஃபிஸ் வகுத்த முறையில் பிள்ளைகள் பிறந்த ஆண்டைக் கொண்டு பிரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பிறந்த ஆண்டுகள் சேரும். எனவே முதல் ஆண்டின் ஜனவரியில் பிறந்தவரும் அடுத்த ஆண்டின் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பாதையில், ஒரே கடிகாரத்துக்கு எதிராக இறங்குவார்கள். இருவருக்கும் இடையே ஏறக்குறைய 24 மாத வளர்ச்சி இடைவெளி. 13 வயதில் அது ஒருவர் வளர்ந்துவிட்ட இளைஞராகவும் மற்றவர் குழந்தையாகவும் தெரியப் போதுமான இடைவெளி. சரிவில் இறங்குவதில் உடல் எடைக்கு நேரடியான பங்கு உண்டு. எடை கூடக்கூட இழுக்கும் விசை கூடும். காற்றின் தடை அதே அளவில் கூடுவதில்லை. கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜெயன்ட் ஸ்லாலம் பந்தயத்தின் சமதளப் பகுதிகளில் பெரிய பிள்ளை திறமை எதையும் காட்டாமலே சின்னப் பிள்ளையை முந்திவிடும். ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கு உறைவிடப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அங்கே கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். ஜனவரிக் குழந்தைகளுக்கு இயற்கை தனித் திறமை கொடுக்கவில்லை. தேர்வு செய்தவர்கள் வளர்ச்சியைத் திறமையென்று படித்துவிட்டார்கள்.

அந்தத் தவறு ஒரு நாளோடு முடிந்துவிட்டால் கவலையில்லை. இந்த விளையாட்டின் அமைப்பு அதைப் பெருக்கிக்கொண்டே போகும். பனிப்பாதை ஒவ்வொருவர் இறங்கும்போதும் அரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கம்பத்தைச் சுற்றியும் பள்ளம் விழுகிறது. முதல் பதினைந்து பேருக்குள் இறங்குகிறவருக்கு வழவழப்பான பாதை. அறுபதாவதாக இறங்குகிறவருக்குக் குண்டும் குழியும். ஃபிஸ் பந்தயங்களில் யார் முன்னால் இறங்குவது என்பதை முன்பு ஈட்டிய புள்ளிகள் முடிவு செய்கின்றன. புள்ளி குறைவாக இருப்பதே இங்கே பெருமை. புள்ளியே இல்லாதவர் கடைசியில் நிற்பார். ஆக, 13 வயதில் உடல் பெரிதாக இருந்ததால் முன்னணிக் குழுவில் சேர்ந்த பிள்ளைக்கு நல்ல பயிற்சியாளர், நல்ல முகாம், நல்ல பனி எல்லாம் கிடைக்கும். 16 வயதில் புள்ளிக் கணக்கு தொடங்கும்போது அதுவும் அவருக்கே சாதகமாக அமையும். மெதுவாக வளர்ந்த பிள்ளை அதற்குள் வேறு விளையாட்டுக்குப் போயிருப்பார். அவர் தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பது எந்தப் பட்டியலிலும் பதிவாகாது. தேர்வு முறைகள் தங்கள் வெற்றிகளை எண்ணிக் காட்டுகின்றன. இழப்புகளை எண்ணும் வழி அவற்றிடம் இல்லை.

எப்போதாவது அந்த இழப்பு நம் கண்முன் வந்து நிற்கும். 1998 நாகானோ ஒலிம்பிக்கைப் பார்த்த யாரும் ஆஸ்திரியாவின் ஹெர்மன் மையரை மறந்திருக்க மாட்டார்கள். அதிவேக டவுன்ஹில் பந்தயத்தில் காற்றில் தூக்கியெறியப்பட்டு வேலிகளை உடைத்துக்கொண்டு விழுந்தவர், மூன்று நாள் கழித்து சூப்பர்-ஜி என்ற மற்றொரு வேகப் பந்தயத்தில் தங்கமும் அதன்பின் ஜெயன்ட் ஸ்லாலம் தங்கமும் வென்றார். அந்தக் காட்சியை உலகம் வீரத்தின் கதையாக நினைவு வைத்திருக்கிறது. எனக்கு அதன் முன்கதைதான் பெரிதாகப்படுகிறது. 15 வயதில் ஷ்லாட்மிங் பனிச்சறுக்குப் பள்ளியிலிருந்து உடல் தேறவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். கோடையில் கொத்தனார் வேலை, குளிர்காலத்தில் ஃப்ளாஹாவ் மலையில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சறுக்கக் கற்றுத்தருவது என்று ஆண்டுகள் போயின. 1996 ஜனவரியில் ஃப்ளாஹாவில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தபோது, போட்டிக்கு முன் பாதையைச் சோதிக்க இறங்கும் உள்ளூர்க்காரர்களில் ஒருவராக இறங்கினார். அவர் எடுத்த நேரம் அன்றைய போட்டியில் 12ஆம் இடத்துக்குப் போதுமானதாக இருந்தது. தேசியப் பயிற்சியாளர்கள் அப்போதுதான் விழித்தார்கள். அடுத்து வந்தவை 54 உலகக் கோப்பை வெற்றிகள், நான்கு ஒட்டுமொத்தப் பட்டங்கள். அமெரிக்காவின் டெட் லிகெட்டியும் சிறுவயதில் முதல் வரிசையில் இருந்தவரல்லர். 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் அவரும் பாதையைச் சோதிக்க இறங்கியவர்தான்; நான்கே ஆண்டுகளில், டூரின் ஒலிம்பிக்கில், தங்கம் வென்றார்.

இன்னொரு சிறு விவரத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். மையர் பிறந்தது 1972 டிசம்பர் 7. இத்தாலியின் நட்சத்திர வீரர் ஆல்பர்ட்டோ டோம்பா பிறந்தது 1966 டிசம்பர் 19. இரண்டு ஒலிம்பிக் தங்கமும் இரண்டு ஒட்டுமொத்தப் பட்டமும் வென்ற நார்வேயின் அக்செல் லுண்ட் ஸ்விண்டால் பிறந்தது 1982 டிசம்பர் 26. மூவரும் தத்தம் பிறந்த ஆண்டில் கடைக்குட்டிகள். மூன்று பெயர்களை வைத்து ஒரு விதியை நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சிறுவயதில் எப்போதும் தன்னைவிடப் பெரிய பிள்ளைகளோடு இறங்க வேண்டியிருந்தவர், உடல் பலத்தை நம்பாமல் நுட்பத்தை நம்பக் கற்றிருப்பார் என்று எண்ண இடமிருக்கிறது. உடல் வளர்ந்து முடியும்வரை அவர் விளையாட்டில் நீடித்தால் மட்டுமே அந்தக் கல்வி பயன் தரும். டிசம்பர்க் குழந்தையை 13 வயதில் வெளியே அனுப்பிவிடும் அமைப்பு, இப்படிப்பட்டவர்கள் வரக்கூடிய வாசலைத்தான் சாத்துகிறது.

அப்படியானால் அவர்களை நீடிக்கவைப்பது எது? வரைபடத்தைப் பார்த்தால் பதில் சற்று வியப்பாகவே இருக்கும். 86 உலகக் கோப்பைப் பந்தயங்களை வென்ற இங்கெமார் ஸ்டென்மார்க், ஸ்வீடனின் லாப்லாந்தில் சுமார் 500 பேர் வாழும் டார்னபி என்ற ஊரில் வளர்ந்தவர். அதே ஊர்தான் ஸ்டிக் ஸ்ட்ராண்ட் என்ற வீரரையும், பின்னர் அன்யா பேர்சன் என்ற வீராங்கனையையும் தந்தது. அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான் தொடங்கியது மினசோட்டாவின் பக் ஹில்லில். அந்த மேட்டின் மொத்த உயரம் 100 மீட்டரைக்கூட எட்டாது. ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற கிட்ஸ்பூல் டவுன்ஹில் பாதையின் இறக்கமோ சுமார் 860 மீட்டர். பக் ஹில்லில் எரிக் ஸைலர் என்ற பயிற்சியாளர், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளை மின்விளக்கு வெளிச்சத்தில் திரும்பத் திரும்ப இறக்கிவிட்டார். மேடு சிறியது என்பதே அங்கே வசதியாகிவிட்டது. கீழே வந்தவுடன் இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலே போய்விடலாம் என்பதால் ஒரே மாலையில் எண்ணற்ற முறை கம்பங்களைச் சுற்றலாம். வெர்மான்ட்டின் ரிச்மண்டில் மிக்கி காக்ரன் என்ற பொறியாளர் 1961இல் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஓர் இழுவைக் கயிறு கட்டினார். அவருடைய நான்கு பிள்ளைகளும் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்கள். அவர்களில் பார்பரா ஆன் 1972 சப்போரோ ஒலிம்பிக்கில், கம்பங்கள் நெருக்கமாக நிற்கும் ஸ்லாலம் பந்தயத்தின் தங்கத்தை 0.02 விநாடியில் வென்றார். அவர் மகன் ரயன் காக்ரன்-சீகல் சரியாக 50 ஆண்டு கழித்து பெய்ஜிங்கில் சூப்பர்-ஜி வெள்ளி வென்றார். தங்கத்துக்கும் அவருக்கும் இடையே 0.04 விநாடி. அந்த மேடு இன்றும் லாபநோக்கற்ற அமைப்பாக, உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக இயங்குகிறது.

இந்த மூன்று ஊர்களுக்கும் பொதுவானது பள்ளி முடிந்த மாலையிலேயே போய்விடக்கூடிய பக்கத்து மலை. அங்கே பந்தயத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக நடக்கும் பயிற்சி. எளிய கணக்கு ஒன்று போடலாம். ஒரு ஸ்லாலம் இறக்கம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பந்தய நாளில் இரண்டு இறக்கங்கள். விடியும் முன் கிளம்பி, மணிக்கணக்கில் வண்டியில் போய், குளிரில் காத்திருந்து, பொழுது சாய வீடு திரும்பும் பிள்ளை அன்று முழுவதும் கம்பங்களுக்கிடையே சறுக்கியது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. முதல் இறக்கத்தில் விழுந்துவிட்டால் அதிலும் பாதிதான். அதே நாளைப் பக்கத்து மேட்டில் கழித்திருந்தால் பத்துப் பன்னிரண்டு முறை இறங்கியிருக்கும். ஒவ்வொன்றின் பிறகும் பயிற்சியாளர் திருத்தியிருப்பார். இந்தக் கணக்கை முழுமையாக நம்பியவர்கள் அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரினின் பெற்றோர். மற்றப் பிள்ளைகள் வாராவாரம் பந்தயத்துக்கு அலைந்தபோது, மிக்கேலா வெர்மான்ட்டின் பர்க் மவுண்டன் அகாடமியில் அடிப்படைப் பயிற்சிகளையே சலிக்காமல் செய்துகொண்டிருந்தார். 2023 மார்ச் 11 அன்று ஸ்வீடனின் ஓரே மலையில் தன் 87ஆவது உலகக் கோப்பை வெற்றியால் ஸ்டென்மார்க்கைக் கடந்தவர், 2025 பிப்ரவரியில் நூறைத் தொட்டார்.

தனி ஊர்களும் தனிக் குடும்பங்களும் செய்ததை ஒரு நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது நார்வே. அந்நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இல் சிறுவர் விளையாட்டுக்கான விதிகளை ஏற்றுக்கொண்டது. 2007இல் அவற்றோடு சிறுவர் உரிமைகளையும் சேர்த்தது. 6 வயதில் சொந்தக் கிளப்புக்குள் போட்டி. 9 வயதில் வட்டாரப் போட்டி. 11 வயது ஆகும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. 13 வயது ஆகும் ஆண்டுக்கு முன் தேசியச் சாம்பியன்ஷிப்பே கிடையாது. பரிசு கொடுத்தால் கலந்துகொண்ட எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். இவை பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரைகள் அல்ல; மீறும் கிளப்பின் மேல் நடவடிக்கை எடுக்கலாம்.  அப்போது ஏறக்குறைய 54 லட்சம் மக்கள் கொண்டிருந்த அந்த நாடு 2018இல் 39 பதக்கங்களும், 2022இல் 16 தங்கம் உட்பட 37 பதக்கங்களும் வென்றது. அதுவரை எந்த நாடும் ஒரு குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றதில்லை. விதிதான் பதக்கத்தைக் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். தரவரிசை இல்லாவிட்டால் பிள்ளைகள் சோம்பிப்போய் நாடு தோற்றுவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இதற்கு எதிராக முதலில் சொல்லப்படுவது மேதைகளின் பெயர்கள். ஷிஃப்ரின் 16 வயது நிறைவதற்கு இரண்டு நாள் முன்பே உலகக் கோப்பையில் இறங்கினார்; 18 வயதில் சோச்சியில் ஒலிம்பிக் ஸ்லாலம் தங்கம் வென்றார். இப்படிப்பட்டவர்களைச் சீக்கிரமே அடையாளம் காண வேண்டாமா? காணலாம், ஆனால் அவர்களைக் காணச் சிறப்பு ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அத்தகைய திறமை எந்தப் பந்தயத்திலும் யார் கண்ணிலும் படும். அடையாளம் காணும் அமைப்பு தடுமாறுவது, இரண்டாவது இடத்துக்கும் ஐம்பதாவது இடத்துக்கும் நடுவிலிருக்கும் பிள்ளைகளிடம்தான். நார்வேயின் ஹென்ரிக் கிறிஸ்டோஃபர்சன் 19 வயதில் ஒலிம்பிக் ஸ்லாலம் வெண்கலம் வென்றார். தரவரிசையை ஒத்திப்போட்ட விதிகள் அவரைத் தாமதப்படுத்தவில்லை. மேதைக்கு அந்த விதி தடையில்லை, மற்றவர்களுக்கு அது பாதுகாப்பு என்றால் விட்டுவிட என்ன காரணம் இருக்கிறது?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. போட்டியிடாமல் போட்டியாளர் உருவாவாரா? தொடக்க வாயிலில் நிற்கும்போது வயிற்றைப் பிசையும் பதற்றத்தைப் பயிற்சி மேட்டில் கற்றுத்தர முடியாது என்கிறார்கள். உண்மைதான். பந்தயமே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. காக்ரன் குடும்பமும் பந்தயத்துக்காகத்தான் பயிற்சி செய்தது. பந்தயத்தின் வடிவத்தை மாற்றலாம் என்பதே என் வாதம். இரண்டு இறக்கங்களையும் கூட்டிப் பார்ப்பதற்குப் பதில் தனித்தனிப் பந்தயமாகக் கணக்கிட்டால், முதலில் விழுந்த பிள்ளையின் நாள் வீணாகாது. இரண்டாவது இறக்கத்தில் இறங்கும் வரிசையைத் தலைகீழாக்கினால், கடைசியில் இறங்கியவருக்கும் ஒருமுறை நல்ல பாதை கிடைக்கும். பல வகை வளைவுகளும் சிறு குதிப்புகளும் கலந்த பாதையை அமைத்தால் எடையைவிடச் சாமர்த்தியம் முன்னுக்கு வரும். தொலைவான பெரும் பந்தயங்களைக் குறைத்துப் பக்கத்து மலைகளுக்குள் சிறு பந்தயங்களைக் கூட்டினால், அதே பதற்றத்தை நான்கு மணிநேரப் பயணம் இல்லாமலே பழகிக்கொள்ளலாம். இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஆங்காங்கே நடைமுறையில் உள்ளவை. விதிவிலக்காக இருப்பதை வழக்கமாக்கினால் போதும்.

மூன்றாவதாக ஆஸ்திரியாவைக் காட்டுவார்கள். 1967 முதல் இயங்கும் ஸ்டாம்ஸ் பள்ளி போன்றவை சிறுவயதிலேயே வடிகட்டிச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கிருந்து வெற்றியாளர்கள் வந்துகொண்டேதானே இருக்கிறார்கள்? வருகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளிகளுக்குக் கீழே ஊருக்கு ஊர் கிளப்பும், கண்ணுக்கெட்டிய இடமெல்லாம் மலையும் உள்ள நாடு அது. வடிகட்டலில் தவறவிடப்பட்ட ஒருவர் கொத்து வேலை செய்துகொண்டே சறுக்கலாம். ஒருநாள் உலகக் கோப்பைப் பாதையிலேயே இறங்கிக் காட்டலாம். தவறைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அந்நாட்டின் நிலவியலே கொடுக்கிறது. வெர்மான்ட்டிலோ மினசோட்டாவிலோ 14 வயதில் குழுவிலிருந்து நீக்கப்படும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே வடிகட்டும் பள்ளியை மட்டும் நகலெடுத்து, அதைத் தாங்கி நிற்கும் ஊர்க் கிளப்புகளை விட்டுவிட்டால் ஆஸ்திரியாவின் தவறுகள் மட்டுமே நம்மிடம் வந்து சேரும். பெரிய மலைகள் தேவைப்படும் என்பதையும் மறுக்கவில்லை. லிண்ட்சி வானும் பின்னாளில் கொலராடோவின் வேல் மலைக்குப் போனார். ஆனால் அவர் போனது அடித்தளம் விழுந்த பிறகு.

கடைசி ஆட்சேபம் பணம். நார்வே எண்ணெய் வளம் உள்ள நாடு, அதன் விதிகள் மற்றவர்களுக்குக் கட்டுப்படியாகுமா என்கிறார்கள். கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பனிச்சறுக்கு அகாடமி ஒன்றில் ஒரு பிள்ளையைச் சேர்க்க ஆண்டுக்கு 50,000 டாலருக்கும் மேல் ஆகும். ஸ்லாலமுக்கு ஒரு சோடி, ஜெயன்ட் ஸ்லாலமுக்கு ஒரு சோடி, சூப்பர்-ஜிக்கு ஒரு சோடி என்று உபகரணம் தனி. வாராவாரம் விடுதி, பெட்ரோல், நுழைவுக் கட்டணம் தனி. இந்தச் செலவைத் தூண்டுவதே சிறுவயதுத் தரவரிசைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை முகாமுக்குப் போகிறது என்றால் நம் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம் பெற்றோரை இழுத்துக்கொண்டு போகிறது. பட்டியலைத் தள்ளிப்போட்டால் செலவும் தள்ளிப்போகும். உண்மையில் பணம் போக வேண்டிய இடம் வேறு. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் அடங்கிய நியூ இங்கிலாந்தில் மூடப்பட்ட பனிச்சறுக்கு மேடுகள் 600க்கும் மேல் என்று அவற்றின் வரலாற்றைத் தொகுத்தவர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். காப்பீட்டுச் செலவு, செயற்கைப் பனி தயாரிக்கும் செலவு, வெப்பமாகிவரும் குளிர்காலம், பெரிய மலைகளின் போட்டி எல்லாம் சேர்ந்து அவற்றை விழுங்கின. ஒவ்வொரு மேடு மூடப்பட்டபோதும், பள்ளி முடிந்து சறுக்கப் போக ஓரிடம் இல்லாமல் போனது ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு. பண வசதி உள்ளவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அப்படி மிஞ்சியவர்களிடமிருந்து அடுத்த காக்ரனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வட்டாரச் சங்கங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். 14 வயதுக்குக் கீழ் தரவரிசையை நிறுத்துங்கள். பந்தயங்களைப் பக்கத்து மலைகளுக்குள் வையுங்கள். குழுவிலிருந்து விலகிய பிள்ளை அடுத்த பருவமே திரும்பி வரக் கதவைத் திறந்து வையுங்கள். ஒரு தொலைதூர முகாமுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு மேட்டின் விளக்குகளை எரியவிடுங்கள். ஒரு சங்கத்தின் திறமையை அதன் பிள்ளைகள் 12 வயதில் வாங்கிய கோப்பைகளால் அளக்காதீர்கள். 12 வயதில் உங்களிடம் இருந்தவர்களில் எத்தனை பேர் 18 வயதிலும் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் எண்ணி, அந்த எண்ணை எல்லாரும் பார்க்க வெளியிடுங்கள். பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கும் முன் அந்த ஓர் எண்ணைக் கேளுங்கள். அதைச் சொல்ல முடியாத கிளப்பில் சேர்க்காதீர்கள்.